ஒரே வண்டியில் நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர்

என் அண்ணனை எல்லோரும் 'மின்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்த வங்கியிலிருந்து மலை மேல் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் போகிற வழியில், நடுவில் வரும் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் நெடுஞ்சாலை அவனுடையது. ஒன்பது வருடமாக அந்தச் சாலையில் அவனை ஒருவரும் முந்தியதில்லை. முந்தினாலும் அவன் ஒத்துக்கொண்டதில்லை.

ரத்த வங்கிக்குப் பின்புறம், ஆம்புலன்ஸ்கள் நிற்கும் இடத்தை ஒட்டி, எங்களுக்கு ஓர் அறையும் ஒரு ஷெட்டும் கொடுத்திருந்தார்கள். அறையில் நான். இரண்டு டெலிபோன், ஒரு ரேடியோ, சுவரில் ஒரு வரைபடம். எல்லோருக்கும் நான் 'கன்ட்ரோல் அக்கா'. ஷெட்டில் என் வீட்டுக்காரர். வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். அண்ணன், தங்கை, தங்கை புருஷன் என்று மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்ததால், மற்ற ஊழியர்கள் லீவு கேட்க வரும்போது, "வீட்ல பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று கிண்டல் செய்வார்கள்.

எங்களிடம் மூன்று வகை வண்டி இருந்தது. நகரத்து நெரிசலில் பத்தொன்பது கிலோமீட்டரை ஒரு பெண் ஸ்கூட்டரில் கடப்பாள். எலி நுழையும் இடத்திலும் நுழைந்து வந்துவிடுவாள் என்பதால் அவளுக்கு 'சந்து' என்று பெயர். நகர எல்லையில் ஒரு பெட்ரோல் பங்கில் அவள் ரத்தப் பையைக் கொடுக்க, அண்ணன் தன் பந்தய வண்டியில் வாங்கிக்கொண்டு பறப்பான். நெடுஞ்சாலையிலிருந்து மலைச்சாலை பிரியும் இடத்தில் ஒரு டயர் கடை. அங்கே 'ஆடு' காத்திருப்பான். ஆடு போகிற இடத்துக்கெல்லாம் ஏறிவிடுவான் என்று வைத்த பெயர். உயரமான, மெலிந்த, காட்டுப் பாதைக்கான பைக் அவனுடையது. கடைசிப் பதினான்கு கிலோமீட்டர் ஜல்லியும் மண்ணும்தான், அது அவனுக்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தலைமை அலுவலகம் புது வண்டி ஒன்றை அனுப்பியது. நாற்பது நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், சரியாக இருந்தால் எல்லா இடத்துக்கும் இதையே வாங்கிவிடலாம் என்று கடிதம். ஸ்போர்ட் டூரர் என்றார்கள். வேகமும் போகும், தூரமும் போகும், சுமையும் தாங்கும், ஓரளவு கெட்ட ரோட்டிலும் இறங்கும். காற்றைத் தடுக்க முன்னால் ஒரு கண்ணாடி, நிமிர்ந்து உட்காரும்படி உயர்ந்த ஹேண்டில்பார், பின்னால் பெட்டி வைக்க இரும்புத் தட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் நடுவே நிற்கும் பையனைப்போல, ஷெட்டில் மற்ற வண்டிகளுக்கு நடுவே கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது.

அண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"என்ன மாப்ள இது? கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் ஒரே சட்டை போட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

"ஓட்டிப் பாருங்க மச்சான், அப்புறம் பேசலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாத்தாலே தெரியுது. எல்லாப் பாடத்துலயும் பாஸ் மார்க் வாங்குற பையன் இது."

"பாஸ் மார்க்காவது வாங்குது. உங்க வண்டி ஒரே பாடத்துல நூறு, மத்த பரிட்சைக்கெல்லாம் ஆப்சென்ட்."

என் வீட்டுக்காரருக்கு அந்த வண்டி முதல் நாளே பிடித்துவிட்டது. காரணம் இருந்தது. "மூணு வண்டிக்கு மூணு சைஸ் டயர். எப்ப எது பஞ்சர் ஆகுதோ, அது மட்டும் என்கிட்ட இருக்காது" என்று புலம்பாத நாளில்லை அவர்.

முறைப்படி சோதிப்போம் என்று முடிவானது. புது வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்ட, மூன்று பகுதியிலும் தனித்தனியாக நேரம் பார்த்தோம். நகரத்துக்குள் சந்து அந்தப் புது வண்டியை ஐந்து நிமிட வித்தியாசத்தில் தோற்கடித்தாள். அது ஒரு சந்தில் நுழைந்து, திரும்ப முடியாமல் ஓர் ஆளின் வீட்டு வாசல்படியில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வீட்டம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டாள். நெடுஞ்சாலையில் அண்ணனின் வண்டி ஆறு நிமிடம் முந்தியது. மலையில் ஆடு பத்து நிமிடம் முன்னதாகவே மேலே போய், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

"இருபத்தோரு நிமிஷம்!" அண்ணன் என் மேசையைத் தட்டினான். "ரத்தத்துக்காக ஒருத்தர் படுத்துக் கிடக்கும்போது இருபத்தோரு நிமிஷம்னா என்னன்னு உனக்குத் தெரியும்ல பாப்பா? எழுதி அனுப்பிடு. முடிஞ்சுது கதை."

நான் எழுதி அனுப்பவில்லை. ஏனென்றால் ரேடியோவில் நாள் முழுக்க நான் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "காத்திருக்கேன்." பங்கில் அண்ணன் காத்திருப்பான், சந்து சிக்னலில் மாட்டியிருப்பாள். இல்லையென்றால் அவள் வந்து நிற்பாள், அண்ணன் திரும்பும் வழியில் இருப்பான். டயர் கடையில் இது இன்னும் மோசம். போன ஆறு மாதப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மத்தியானம் உட்கார்ந்தேன். முதல் கைமாற்றலில் சராசரி பன்னிரண்டு நிமிடம், இரண்டாவதில் பத்தொன்பது. மொத்தம் முப்பத்தொன்று. ஓட்டுகிறவர்கள் தாங்கள் ஓட்டிய நேரத்தைத்தான் சொல்வார்கள். பை சும்மா நின்ற நேரம் யாருடையதும் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

அண்ணனிடம் காட்டினேன். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அப்போ லேட்டா வர்ற ஆளைத் திட்டு. வண்டியை ஏன் மாத்தணும்?"

"யாரும் லேட்டா வரலண்ணே. மூணு பேரு ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல சரியா வந்து நிக்கணும்னா, அது நடக்குற காரியமா?"

"ஒன்பது வருஷமா நடக்குதுல்ல?"

"நடக்குது. முப்பத்தோரு நிமிஷம் கழிச்சு நடக்குது."

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது கதவைத் திறக்க வலது கையை நீட்டி, பிறகு இடது கைக்கு மாற்றியதைப் பார்த்தேன். அதை நான் முதல் தடவை பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டில் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல், "மூடியை யாரு இப்படி இறுக்கினது?" என்று என் வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டான். அண்ணியும் போனில் சொல்லியிருந்தாள்: காலையில் அவன் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, கேட்டால் எரிந்து விழுகிறான் என்று. பந்தய வண்டியில் முதுகை வளைத்துப் படுத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் மணிக்கட்டில் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதில் பெட்டி வைக்க இடம் கிடையாது. ரத்தப் பைகள் வைத்த ஒன்பது கிலோ ஐஸ் பெட்டியை முதுகில் கட்டிக்கொள்வான். நாற்பத்தாறு வயதில், ஒன்பது வருடமாக. எனக்குப் புரிந்தது. ஆனால் மின்னலிடம் போய் உன் கை போய்விட்டது என்று யார் சொல்வது? நான் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

பதினெட்டாவது நாள், காலை பத்தரை மணி இருக்கும். மலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிரசவம் ஆகிவிட்டது, ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கையிருப்பில் இருந்த இரண்டு பையையும் ஏற்றியாகிவிட்டது, இன்னும் நாலு வேண்டும். நர்ஸ் நிதானமாகத்தான் பேசினாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வரைபடத்தைப் பார்த்தேன். சந்து நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். அண்ணனின் வண்டி ஷெட்டில் பிரேக் கழற்றிய நிலையில் கிடந்தது. ஆடு பக்கத்து மலையில் ஒரு துணை மருத்துவமனைக்குத் தடுப்பூசி கொண்டு போயிருந்தான். அண்ணன் ஷெட்டில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பிரேக்கைப் பற்றி என் வீட்டுக்காரரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். புது வண்டி டேங்க் நிரம்பி, பெட்டி நாலு போல்ட்டில் இறுக்கி, வாசலில் நின்றது.

வாசலில் நின்று அவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"சாவியைக் குடு மாப்ள" என்றான் அண்ணன். "டயர் கடை வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஆடு வந்துடணும்."

பத்து ஐம்பதுக்குக் கிளம்பினான். நகரம் தாண்டும்வரை ரேடியோவில் அவன் பேசியதை எழுத முடியாது. பேருந்துகளின் பக்கக் கண்ணாடி எல்லாம் தனக்காகவே நீட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"பாப்பா, பங்க் தாண்டிட்டேன்."

"தெரியுதுண்ணே."

"இல்ல... நிக்காமத் தாண்டிட்டேன். அதான் சொன்னேன்."

நெடுஞ்சாலையில் அவன் பேசவே இல்லை. பேசாவிட்டால் நன்றாகப் போகிறான் என்று அர்த்தம். அதற்குள் ஆட்டை ரேடியோவில் பிடித்துவிட்டேன். டயர் கடைக்கு வர இன்னும் இருபத்தைந்து நிமிடமாவது ஆகும் என்றான். பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கு அண்ணன் டயர் கடையில் நின்றான்.

"எங்க அவன்?"

"வர இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்ணே. நீ காத்திருக்கலாம். இல்லன்னா..."

"இல்லன்னா என்ன?"

"இல்லன்னா ஏறலாம். உன் இஷ்டம். நான் சொல்ல மாட்டேன்."

அவன் வாழ்க்கையில் அந்த மண் ரோட்டில் சக்கரம் வைத்ததில்லை. ஒன்பது வருடமாக அதன் வாயில் நின்று திரும்பியவன். ரேடியோவில் இன்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் மாறியது. கீழே ஜல்லி தெறிப்பது எனக்கே கேட்டது.

இதற்கு மேல் நடந்ததை அவன் பிற்பாடு சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் இரண்டு கிலோமீட்டரில் வண்டி அவனை இரண்டு தடவை கீழே போடப் பார்த்தது. கனமான வண்டி, ஜல்லியில் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. கால்களை ஊன்றி எழுந்து நின்று ஓட்டினான். நிமிர்ந்து நிற்க முடிந்ததால்தான் பிழைத்தேன், என் வண்டியாக இருந்தால் முதல் வளைவிலேயே பள்ளத்துக்குப் போயிருப்பேன் என்று அவனே சொன்னான். ஆறாவது கிலோமீட்டரில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தேவிட்டது. தோளைக் கொடுத்துத் தாங்கி நிறுத்தினான். பெட்டி அசையவில்லை. நாலு போல்ட்டையும் இறுக்கிய மாப்பிள்ளையை அப்போது மனதுக்குள் வாழ்த்தினானாம். நேரில் வாழ்த்தியதாகத் தகவல் இல்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு குறுக்குப் பாதை வந்து சேரும். அங்கிருந்து புதரைக் கிழித்துக்கொண்டு ஆடு வெளியே வந்தான். உடம்பெல்லாம் மண். அண்ணன் வண்டியை நிறுத்தி பெட்டியைக் கழற்றப் போனான்.

"போல்ட் கழட்ட அஞ்சு நிமிஷம் ஆகும்ணே" என்றான் ஆடு. "மீதி அஞ்சு கிலோமீட்டர்தான். நான் முன்னாடி போறேன். என் சக்கரம் போற தடத்துலயே வாங்க. நான் நின்னா நில்லுங்க, எழுந்தா எழுந்திருங்க. கீழ பாக்காதீங்க, என் முதுகைப் பாருங்க."

அப்படியே போனார்கள். காற்று மாதிரி போகிறவன், அண்ணனுக்காக மாட்டு வண்டி வேகத்தில் போனான். வழுக்கும் இடம் வரும்போது இடது கையைத் தூக்கிக் காட்டினான். யாரையும் பின்தொடர்ந்து அண்ணன் வண்டி ஓட்டியது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஒரு மணி இரண்டு நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி. தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம், அவ்வளவுதான். படியில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியவள், ஓட்டத்திலேயே திரும்பி, "நீங்க புதுசா?" என்று கேட்டாள்.

"ஒன்பது வருஷமா இந்த ரூட்டுதான்" என்றான் அண்ணன். அவள் காதில் அது விழுந்திருக்காது.

வராந்தாவில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு. மடியில் துணியில் சுற்றிய குழந்தை. குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல், நிரம்பிய பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தான். ரத்தம் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு அவன் அண்ணனைப் பார்த்தான். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அண்ணன் போய் உட்கார்ந்தான்.

"அதுவரைக்கும் எனக்கு அது ஒரு பெட்டி பாப்பா" என்று அண்ணன் என்னிடம் பிற்பாடு சொன்னான். "வாங்குறது, குடுக்குறது. டயர் கடையோட என் உலகம் முடிஞ்சுது. அந்தப் பக்கம் ஒரு பெஞ்ச் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, ஆபத்து தாண்டிவிட்டது என்றாள். ஒற்றைச் செருப்புக்காரன் எழுந்து நின்றான்; பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். அண்ணன் முகம் கழுவலாம் என்று வராந்தாவின் ஓரத்துக் குழாயடிக்குப் போனான். திருகு இறுகியிருந்தது. வலது கையால் முயன்றான், இடது கையால் முயன்றான். விரல்கள் மரத்துப்போய், யாருடையதோ போல் இருந்தன. பின்னாலேயே வந்த நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்து ஓர் இடத்தில் அழுத்தினாள். அவன் கத்திவிட்டான்.

"எத்தனை நாளா இப்படி?"

என்னிடம், அண்ணியிடம், மாப்பிள்ளையிடம் "ஒண்ணுமில்ல" என்று இரண்டு வருடம் சொன்ன வாய், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. "ரெண்டு வருஷமா" என்றான். "ராத்திரி தூக்கமே இல்லம்மா. வண்டியைப் பிடுங்கிருவாங்களோன்னு பயந்துட்டுச் சொல்லல."

"நரம்பு நசுங்குது. இப்ப பாத்தா சரி பண்ணலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டீங்கன்னா, வண்டி என்ன, சட்டை பட்டன்கூடப் போட முடியாது" என்றாள். ஒரு சீட்டில் நகரத்து டாக்டர் ஒருவரின் முகவரியை எழுதி, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

அவன் திரும்பி வந்தபோது மாலை ஆகிவிட்டது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டான்.

"ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம். ஆட்டுக்காகக் காத்திருந்தா ரெண்டு இருபத்தாறு ஆகியிருக்கும்."

"மூணு பேரும் சரியா வந்து நின்னிருந்தா?"

"ஒண்ணு நாப்பத்தொம்பது. அப்படி ஒரு நாள் ஆறு மாசப் பதிவேட்டுல இல்லண்ணே."

"நெடுஞ்சாலைல அது என் வண்டி கால் தூசிக்குப் பெறாது. அதை நீ எழுதணும்."

"எழுதறேன்."

"மலைலயும் அது ஆபத்துதான். இன்னைக்கு மண்ணு காஞ்சு கெடந்துச்சு. மழைல ஏறவே முடியாது. அதையும் எழுது."

"எழுதறேன்ணே."

"அப்புறம்..." சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். "இந்த டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் குடு. எனக்கு நம்பர் அமுக்க வரல."

நாற்பதாவது நாள் நான் எழுதி அனுப்பியதில் அவன் சொன்ன இரண்டும் இருந்தன. புது வண்டி எந்தப் பகுதியிலும் முதல் இடத்துக்கு வரவில்லை என்றும் எழுதினேன். ஆனால் பை நிற்காமல் போகிறது என்று எழுதினேன். தலைமை அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரே வகையாக வாங்கிவிடலாம் என்று பதில் போட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் விடவில்லை. மூன்று தடவை கடிதம் போட்டுச் சண்டை பிடித்து, ஸ்போர்ட் டூரர் இரண்டு, நகரத்துக்குள் சந்துவின் ஸ்கூட்டர், மழைக்கும் குறுக்குப் பாதைக்கும் ஆட்டின் வண்டி என்று நிறுத்தினோம். போனது அண்ணனின் பந்தய வண்டி ஒன்றுதான். அதை எடுத்துப் போக வந்த அன்று காலையில் அவன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடிந்தும் துடைத்தான். நான் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே வந்துவிட்டேன். பந்தய வண்டியை அதுநாள்வரை கேலி செய்த என் வீட்டுக்காரர், ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் மறுபக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணனுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனது. ஆறு வாரம் வண்டி தொடக்கூடாது. வீட்டில் இருந்தால் அண்ணிக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் என் பக்கத்தில் வந்து ரேடியோவில் உட்கார்ந்தான். அதைப்போல் ஒரு தொல்லை உண்டா? "எங்க இருக்க? இன்னுமா அங்க இருக்க? நானா இருந்தா..." என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் விரட்டினான். நாலாம் நாள் சந்து ரேடியோவை அணைத்து வைத்துவிட்டாள்.

அந்த ஆறு வாரமும் புது வண்டியை ஓட்டியது ஆடு. முழு வழியும் அவனே வர வேண்டும் என்பதால், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக மலையை விட்டு எங்கள் இடத்துக்கு வந்தான். நெடுஞ்சாலை அவனுக்கு அலுப்பாக இருந்ததாம். "ஒரு கல்லுகூட இல்லாத ரோட்ல எப்படிண்ணே முழிச்சிட்டே ஓட்டுறீங்க?" என்று கேட்டான். அண்ணன் கையைக் கட்டுத் துணியோடு நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவனை ரத்த வங்கிக்குள் சுற்றிக் காட்ட அழைத்துப் போனான்.

ஏழெட்டுக் கட்டில்களில் யார் யாரோ படுத்து, கையை நீட்டி ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேருந்து நடத்துநர், சீருடையோடு. ஒரு கல்லூரிப் பெண், மறுகையில் புத்தகத்தோடு. ஆடு கண்ணாடிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தானாம். பிறகு, "நானும் குடுக்கலாமா?" என்று கேட்டான்.

"ஏன் கூடாது? வா" என்றான் அண்ணன்.

ஊசியைப் பார்த்ததுதான் தாமதம். செங்குத்தான பாறையில் வண்டி ஏற்றுகிறவன், வெட்டிய வாழைபோலச் சாய்ந்துவிட்டான். நான் சத்தம் கேட்டு ஓடினபோது அவன் தரையில் கிடந்தான். அண்ணன் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, கட்டுப் போடாத ஒரு கையால் அவன் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணைத் திறடா. ஒண்ணுமில்ல. ஊசி போடவே இல்ல."

ஆடு கண்ணைத் திறந்தான். "யாருக்கும் சொல்லிடாதீங்கண்ணே."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா சொல்ல மாட்டேன். படு, பேசாதே."

ஒரு டம்ளர் பழச்சாறு குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அவன் மறுபடியும் கட்டிலில் ஏறிப் படுத்தான். இந்தத் தடவை ஊசிப் பக்கம் பார்க்காமல், முகத்தைத் திருப்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் பக்கக் காற்று அடிக்கும், அப்போது வண்டியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று அண்ணன் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான், பை நிரம்பும்வரை.